சாட்சிக் குழாய்

அத்தியாயம் பதினேழு

மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் மொஹிரா சூட்டுப் பெட்டியின் கதவைத் திறந்தாள்.

இரவு முழுக்க உடம்புச் சூட்டிலேயே கிடந்த ரத்தம். அதை எடுத்து வரிசையாக உப்புத் தண்ணீர்க் குழாய்களில் விட வேண்டும். முதல் குழாயில் உப்பு அதிகம், அடுத்ததில் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு. உப்பு குறையக் குறையச் சிவப்பணுக்கள் தண்ணீரைக் குடித்து வீங்கும். தோல் உறுதியான அணு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். தோல் பலவீனமானது ஆரம்பத்திலேயே வெடித்துத் தண்ணீரைச் சிவப்பாக்கிவிடும்.

எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலை. இன்றைக்குத்தான் அதற்காக ஓடி வந்திருந்தாள்.

நேற்று அவள் மாமியார் வந்திருந்தாள். மாமியாராக இருந்தவள் என்றுதான் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மஞ்சள் பூத்த பச்சைக் குழந்தையோடு மொஹிராவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைத்த அதே முகர்ரம். அதே வெல்வெட் கோட்டு, சிரித்தால் மின்னுகிற அதே தங்கப் பற்கள். அவளுக்குப் பின்னால், மொஹிராவின் கணவனாக இருந்த நோதிரின் இரண்டாவது மனைவி ஓய்தின், பத்து மாதக் குழந்தை அசிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் கண்ணிலும் அதே மஞ்சள்.

இந்தச் சோதனைக்கு சமர்கந்தில் வேறு இடம் கிடையாது. இருந்திருந்தாலும் முகர்ரம் இங்கேதான் வந்திருப்பாள் என்று மொஹிராவுக்குத் தோன்றியது. அந்தப் பார்வை அப்படி.

"உன் ரத்தத்துலேர்ந்து தப்பிச்சோம்னு நெனச்சோம். இவளும் அதையேதான் சீரா கொண்டுவந்திருக்கா. நல்லாப் பாத்துச் சொல்லு. அந்த அழுக்கு உனக்குத்தான் அத்துப்படியாச்சே."

ஓய்தின் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு மொஹிராவுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருஷம் அவளும் அப்படித்தான் குனிந்திருந்தாள்.

அதன் பிறகுதான் அந்த விஷயம் நடந்தது.

எந்தச் சோதனை செய்தாலும் பக்கத்திலேயே ஆரோக்கியமான ஒருவருடைய ரத்தத்தையும் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். நோயாளிக்கு எந்த உறவும் இல்லாதவராக இருக்க வேண்டும். உப்பில் தவறா, சூட்டில் தவறா, இல்லை உண்மையிலேயே நோயா என்று அந்த ரத்தம்தான் காட்டிக்கொடுக்கும். ஆய்வகத்தில் அதைச் சாட்சிக் குழாய் என்பார்கள். இங்கே வருஷக்கணக்கில் சாட்சி மொஹிராவின் ரத்தம்தான். கூட வேலை செய்கிற ரீத்தா சோய் அவள் கையில் பட்டையைக் கட்டி ஊசியை எடுத்ததும், எதற்கு என்று முகர்ரம் கேட்டாள். ரீத்தா வெகுளியாக விளக்கினாள்.

"இவ ரத்தம் என் பேரனுக்குச் சாட்சியா?" முகர்ரம் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினாள். "இந்தா, இதுல எடு. பித்தப்பைல கல்லுன்னு ஒரு தடவை வயித்தக் கிழிச்சாங்க, அதத் தவிர நான் ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சதில்ல."

பித்தப்பைக் கல் என்று கேட்டதுமே மொஹிராவின் காதுக்குள் என்னவோ மணி அடித்தது. சொந்தக்காரர் ரத்தம் சாட்சிக்கு ஆகாது என்று சொல்ல ரீத்தா வாயைத் திறந்தாள். மொஹிரா மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தாள்.

"எடு ரீத்தா. பெரியவங்க ஆசைப்படறாங்க."

அவர்கள் போன பிறகு தன் கையிலிருந்தும் எடுத்துத் தனியாக வைத்தாள். நிஜமான சாட்சி இல்லாமல் சோதனை செய்கிறவள் அல்ல அவள்.

அப்படி வந்ததுதான் நான்கு பேருடைய ரத்தம். அசில், ஓய்தின், முகர்ரம், மொஹிரா.

குழாய்களைச் சுழற்றி எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே வரிசையாக நிறுத்தினாள். அசிலின் வரிசை ஆரம்பத்திலேயே மாதுளைச் சாறு. எதிர்பார்த்ததுதான். ஓய்தினுடையது கடைசிக்கு முந்தியதுவரை தெளிந்த தண்ணீர். மொஹிராவுடையதும் அப்படியே.

முகர்ரமின் வரிசை பேரனுடையதற்கு அடுத்ததாகச் சிவந்திருந்தது.

நம்பாமல் சாயச் சோதனையும் செய்தாள். அணுத்தோலில் இருக்கிற ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு ஒளிர்கிற சாயம் அது. புரதம் குறைந்தால் ஒளியும் குறையும். அசிலிடம் குறைவு. முகர்ரமிடம் குறைவு. தன் மகள் ஸிதோராவிடம் இத்தனை வருஷமாகப் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிப்போன அதே குறைவு.

பிறகு ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் பரப்பி நுண்ணோக்கியில் குனிந்தாள். நல்ல சிவப்பணு சமர்கந்து ரொட்டி மாதிரி இருக்கும். விளிம்பு தடித்து, நடுவில் அச்சு குத்தி அமுக்கின பள்ளத்தோடு. முகர்ரமின் அணுக்களில் பாதிக்குப் பாதி ரொட்டியாகவே இல்லை. தட்டாமல் விட்ட மாவு உருண்டைகள்.

மொஹிரா நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகக் கோட்டைக் கழற்றினாள்.

பன்னிரண்டு வருஷம் இதற்காகத்தான் காத்திருந்தாள். ஸிதோராவுக்கு ரத்தம் ஏற்றி ஏற்றி, ஏழு வயதில் மண்ணீரலை எடுத்து, அந்த ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்தே இந்தப் படிப்பைப் படித்தாள். அணுவின் தோலுக்கு அடியில் ஒரு வலை இருக்கிறது. வலையைத் தோலோடு அறைந்து பிடிக்கிற ஆணிகள் இருக்கின்றன. ஸிதோராவிடம் அந்த ஆணிகள் குறைவு. தோல் உரிந்து உரிந்து அணு உருண்டையாகி, மண்ணீரலின் குறுகிய சந்துகளில் நுழைய முடியாமல் மாட்டிக்கொண்டு சாகிறது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது ஒன்றுதான். எங்கிருந்து வந்தது? தன்னிடம் இல்லை, அதை என்றைக்கோ பார்த்துவிட்டாள். ஆனால் சில குழந்தைகளிடம் அது புதிதாகவே தொடங்குவதும் உண்டு என்று பாடம் எடுத்த பேராசிரியர் சொல்லியிருந்தார். நோதிர் வீட்டு ரத்தம் ஒரு சொட்டு கிடைத்தால்தான் அடித்துச் சொல்ல முடியும். கேட்டால் கொடுப்பார்களா?

இப்போது முகர்ரம் தானாகவே கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ரீத்தா வந்து குழாய்களைப் பார்த்தாள். பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"டாக்டருக்கு அனுப்பிடு. அவர் சொல்லிக்குவாரு," என்றாள்.

"அனுப்பிட்டேன். நானும் போறேன்."

முகர்ரம்தான் வரச் சொல்லியிருந்தாள். மத்தியானம் மஹல்லாப் பெண்களை, அந்த வட்டாரத்துக்காரிகளை, வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாளாம். ஓய்தினின் மெத்தைகளை ஏற்றிக்கொண்டுபோகச் சின்ன லாரி வருகிறதாம். வாழாவெட்டியாக ஒருத்தியை அனுப்பும்போது சீராக வந்த பஞ்சு மெத்தைகளைப் பட்டப்பகலில், தெருவே பார்க்க ஏற்றுவதுதான் முகர்ரமின் முறை. முதல் மருமகளின் வாயாலேயே இரண்டாவது மருமகளின் ரத்தம் கெட்டது என்று சொல்ல வைக்க வேண்டும். அதுதான் அவள் போட்ட கணக்கு.

"சரி, போ," என்றாள் ரீத்தா. "ஸ்கூல்லேர்ந்து ஸிதோராவ ஏன் கூட்டிட்டு வரச் சொன்ன?"

"அவ பாக்கணும்."

"அவ பாக்கணுமா, அவள அவங்க பாக்கணுமா?"

மொஹிரா கண்ணாடி முன்னால் நின்று தலைத்துணியைத் திருத்திக்கொண்டாள்.

வேனில் ஸிதோரா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு மொஹிரா மறைக்காமல் சொன்னாள். அந்த வீட்டில் இருக்கிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று பெண் கேட்டாள். உயரமா, குள்ளமா, தன்னை மாதிரி மூக்கா. அந்த வீட்டுப் புகைப்படம் ஒன்றுகூட மொஹிரா வைத்திருக்கவில்லை. போனால் தெரியும் என்று மட்டும் சொன்னாள்.

தெருமுனையிலேயே லாரி தெரிந்தது.

முற்றத்துக் கதவு விரியத் திறந்து கிடந்தது. சிவப்பும் பச்சையுமாகச் சாட்டின் மெத்தைகள் பாதிக்குமேல் ஏறியிருந்தன. கயிற்றின் ஒரு முனையை நோதிர் பிடித்திருந்தான், மறுமுனையை உர்குத் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த ஓய்தினின் அண்ணன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். நோதிர் மொஹிராவைப் பார்த்தான். அவள் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தான். கயிற்றை மறுபடியும் முதலிலிருந்து கட்டத் தொடங்கினான்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே போட்டிருந்த அகலக் கட்டிலில் மஹல்லாப் பெண்கள் தேநீரும் ரொட்டியும் உலர்திராட்சையுமாக உட்கார்ந்திருந்தார்கள். என்னவோ விசேஷ வீடு மாதிரி. ஓய்தின் மட்டும் படியோரம், குழந்தையை மடியில் கிடத்தி அதன் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஸிதோராவைக் கதவருகிலேயே நிற்கச் சொல்லிவிட்டு மொஹிரா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முகர்ரம் அவளுக்குக் கிண்ணத்தின் விளிம்புவரை தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பு என்று அர்த்தம். மொஹிரா வாங்கி, ஒவ்வொரு வாயாக, நிதானமாகக் குடித்தாள். இந்த முற்றத்தில் இப்படி உட்கார்ந்து அவள் தேநீர் குடித்ததே இல்லை. எப்போதும் ஊற்றிக் கொடுத்துத்தான் பழக்கம்.

"சொல்லும்மா. கொஞ்சம் சத்தமாவே சொல்லு, கரோமத்துக்குக் காது மந்தம்," என்றாள் முகர்ரம்.

"எனக்கு வேண்டியது மட்டும் நல்லாக் கேக்கும்," என்றாள் கரோமத். மஹல்லாவில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்கிறவள். அன்றைக்கு மொஹிராவின் மெத்தைகளை எண்ணி ஏற்றியதும் அவள்தான்.

மொஹிரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "உள்ள போய், உங்ககிட்ட மட்டும் சொல்றேன்." எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"எதுக்கு? அன்னிக்கு உன் விஷயத்த உள்ள போயா பேசினோம்?"

இந்த வார்த்தை வரும் என்று மொஹிராவுக்குத் தெரியும். காலையிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"உங்க ரத்தமும் இருக்கு. அதையும் சேத்து எல்லார் முன்னாடியும் சொல்லலாமா?"

"என் ரத்தத்துக்கு என்ன கேடு. சொல்லு."

மொஹிரா விரிப்பிலிருந்து முழு ரொட்டி ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினாள். நல்ல ரத்தத்தில் ஒவ்வொரு அணுவும் இப்படித்தான் இருக்கும், ஓய்தினுடையது அச்சு அசலாக இப்படித்தான் இருக்கிறது என்றாள். நடுவில் இந்தப் பள்ளம் இருப்பதால்தான் அணு வளைந்து நெளிந்து உடம்பெல்லாம் ஓடுகிறது. குழந்தையுடையது மாவு உருண்டை மாதிரி இருக்கிறது. வளையத் தெரியாது. வழியில் உடைந்துபோகிறது. அதனால்தான் சோகை, அதனால்தான் மஞ்சள். இது தொற்று நோயும் இல்லை, சாபமும் இல்லை. பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வருவது.

பெண்கள் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்தினின் கை குழந்தையின் காலில் அப்படியே நின்றுவிட்டது.

"ஓய்தின்கிட்ட இல்ல," என்றாள் மொஹிரா. "அப்ப மிச்சம் இருக்கறது இந்த வீடு."

முகர்ரம் சிரித்தாள். தங்கப் பற்கள் தெரிந்தன. "பழைய கோவத்த எங்க வந்து தீத்துக்கிறா பாருங்க. என் ரத்தந்தானே சாட்சி? அது என்ன சொல்லுச்சு, அதச் சொல்லு."

"உங்க பேரனோடதுக்கு அடுத்து ஒடஞ்சது உங்களோடதுதான். மூணு விதமாப் பாத்துட்டேன். அதே உருண்டை. சில பேருக்கு இது லேசா இருக்கும், வாழ்நாள் பூரா தெரியாமயே போயிடும். எப்பவாவது கண்ணு மஞ்சளாகும். பித்தப்பைல கல்லு சேரும். அவ்வளவுதான். ஆனா கைமாத்திக் கொடுக்கறது நின்னுடாது. உங்ககிட்டேர்ந்து உங்க மகனுக்கு. அவர்கிட்டேர்ந்து இந்தக் குழந்தைக்கு. அதுக்கு முன்னாடி என் பொண்ணுக்கு."

கட்டிலில் ஒருத்தி கடிக்கப் போன ரொட்டியை விரிப்பிலேயே திரும்ப வைத்தாள்.

"எனக்குக் கண்ணு மஞ்சளானா அது பூசணிக்கா திங்கறதாலன்னு சொல்லியிருக்கேனே," என்றாள் முகர்ரம், கரோமத்தைப் பார்த்து. குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பூசணிக்கா சம்சா நாங்களுந்தான் திங்கிறோம், முகர்ரம். எங்க கண்ணு வெள்ளையாத்தான் கெடக்கு," என்றாள் கரோமத். யாரோ ஒருத்தி தேநீரை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினாள்.

நோதிர் கயிற்றை விட்டுவிட்டு வந்தான். உள்ளே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் முணுமுணுத்தான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் லாரியின் படியில் போய் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

மொஹிராவின் நெஞ்சுக்குள் ஏதோ சூடாக, இனிப்பாக இறங்கியது. இன்னும் வேண்டும் என்று இருந்தது. 'எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு பொறந்ததில்ல' என்று அன்றைக்கு இதே கட்டிலில் உட்கார்ந்துதான் முகர்ரம் சொன்னாள். யாருடைய குழந்தையோ என்று கூடியிருந்தவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்றே சொன்னாள். பெயர் என்ன வைத்தாய் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இப்போது அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பதை மொஹிரா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்க்காமல் விட்டது ஓய்தினை. உண்மையில், காலையிலிருந்து ஓய்தினைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

ஓய்தினின் அண்ணன் கயிற்றை அவிழ்த்து மெத்தைகளை இறக்கப் போனான். தங்கை மானம் திரும்பக் கிடைத்துவிட்டது, இனி என்ன என்று அவனுக்கு நினைப்பு. ஓய்தின் எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எறக்காதண்ணே. மிச்சத்தையும் ஏத்து."

எல்லாரும் திரும்பினார்கள். மூன்று வருஷத்தில் இந்தப் பெண்ணின் குரலை அவர்கள் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

"என்னடி சொல்ற," என்றாள் முகர்ரம்.

"நோவு என்னோடதுன்னு நெனச்சப்ப, புள்ளையையும் எடுத்துக்கிட்டுப் போன்னு சொன்னீங்க அத்தை. எடுத்துட்டுப் போறேன். வைத்தியம் எப்படிப் பாக்கணும்னு மொஹிரா அக்காகிட்டக் கேட்டுக்கிறேன்."

நோதிர் படியிலிருந்து எழுந்தான். அவன் வாய் திறப்பான் என்று ஒரு கணம் தோன்றியது. அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் கண் அசைக்காததால் ஓரமாக விலகி நின்றான். ஓய்தின் அவனைத் தாண்டிப் போய் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணன் மிச்ச மெத்தைகளை ஒரே வீச்சில் ஏற்றினான். லாரி புழுதி கிளப்பிக்கொண்டு தெருமுனை தாண்டும்வரை முற்றத்தில் யாரும் கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

போனது பேரன். அந்த வீட்டின் ஒரே ஆண் வாரிசு.

இப்போது முகர்ரம் அழுவாள் என்று மொஹிரா நினைத்தாள். அல்லது கத்துவாள். இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். ஒரு வார்த்தை மன்னிப்பு என்று இறங்கி வந்தால், திருப்பிக் கொடுக்க வேண்டிய பதிலைக்கூட வேனில் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

முகர்ரம் லாரி போன பக்கம் பார்க்கவில்லை. கதவருகே நின்ற பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு நடந்து போனாள். ஸிதோராவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மூக்கைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள்.

"உன் பேர் என்ன?"

"ஸிதோரா."

"உனக்கும் கண்ணு மஞ்சளாகுமா?"

"ஆகும். ஆபரேஷனுக்கு முன்னாடி நெறைய ஆகும்."

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஆகும்," என்றாள் முகர்ரம். "சளி புடிச்சாப் போதும். பள்ளிக்கூடத்துல பசங்க கேலி பண்ணுவாங்க."

"என்னையும் பண்ணாங்க."

முகர்ரம் அந்தப் பெண்ணின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்துத் திரும்பினாள். வெளுத்த முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. குரலும் பழைய குரலாகியிருந்தது.

"கரோமத், கேட்டுக்க. எல்லாரும் கேட்டுக்குங்க. கெட்ட ரத்தம் என்னோடதுதான். மொஹிரா மேல போட்ட பழி பொய். இது அவளே ரொட்டியப் புடிச்சு நிரூபிச்சது, இனி யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது. அப்ப இந்தப் பொண்ணு என் மகனோட பொண்ணு. இந்த வீட்டுப் பொண்ணு."

அந்த ஒப்புதல் வார்த்தைகளைக் கேட்கத்தான் மொஹிரா பன்னிரண்டு வருஷம் படித்தாள். சபை நடுவே, சத்தமாக, கரோமத்தின் காதில் விழும்படி. கேட்டாயிற்று. ஆனால் இனிக்கவில்லை.

நோதிர் மெதுவாக அவர்கள் இருவரையும் நோக்கி வந்துகொண்டிருந்தான். பெண்கள் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி உலர்திராட்சைத் தட்டைக் காலி இடத்தின் பக்கம் தள்ளி வைத்தாள்.

"ஸிதோரா," என்றாள் மொஹிரா. "வா, கிளம்பலாம்."

பெண் திரும்பிப் பார்த்தாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"கொஞ்சம் இரும்மா," என்றாள். "இவங்க இன்னும் பேசி முடிக்கல."